அழித்த படங்கள் இருந்த பெட்டி

மார்ச் 4, திங்கள்

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கண் டாக்டரிடம் போய் வந்தோம். வாலு அங்கே சமத்தாக உட்கார்ந்து, இரண்டு கண்ணையும் நேராக வைத்துக்கொண்டு டாக்டர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னது. ஐந்து வயசுக்கு என்ன நடிப்பு! வீட்டில் களைத்துப் போனால் அந்த இடது கண் வெளியே ஒதுங்குவதை நான் எப்படிக் காட்டுவது?

டாக்டரம்மா சொன்னார்: "இங்க பத்து நிமிஷம் பாக்குறது போதாது. தினமும் காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, ஃபிளாஷ் போட்டு படம் எடுங்க. கருவிழியில வெளிச்சப் புள்ளி எங்க விழுதுன்னு பாத்தா எனக்குப் புரிஞ்சிடும். ஆபரேஷனா, காத்திருக்கலாமான்னு மே மாசம் முடிவு பண்ணுவோம்."

ஆபரேஷன் என்றதும் பகீரென்றது. எக்ஸ்ரே எடுக்கிறவளாக, மெஷினைத் தள்ளிக்கொண்டு நானே எத்தனை தடவை ஆபரேஷன் தியேட்டருக்குள் போயிருக்கிறேன். மயக்கத்தில் கிடக்கிற குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். வாலு அந்த மேசையில் படுக்க வேண்டாம். வேண்டவே வேண்டாம்.

மார்ச் 9, சனி

போனிலிருக்கும் ஆப் வாலுவின் கண் படங்களையெல்லாம் கோத்து, பாட்டுப் போட்டு, "இனிய தருணங்கள்" என்று காட்டியது. யார் கேட்டா உன்னை? ஒரு நோயாளியின் படத்தை அறையை விட்டு வெளியே விட்டால் எங்கள் ஆஸ்பத்திரியில் வேலை போய்விடும். என் பிள்ளையின் முகம் மட்டும் எவனோ ஒருத்தனின் கம்ப்யூட்டரில் கிடக்கணுமா?

நாத்தனாருக்கு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. புலம்பினேன், வந்துவிட்டாள். பழைய கம்ப்யூட்டர் ஒன்றைச் செருப்பு அலமாரியின் மேல்தட்டில் வைத்து இரண்டு டிஸ்க் மாட்டினாள். "ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணுல இருக்கும் அண்ணி. நம்ம வீட்டு வைஃபைல இருந்தாத்தான் உங்க போன் இதோட பேசும். வெளியாள் எவனும் எட்டிப் பாக்க முடியாது." போனில் வாலுவின் ஆல்பத்தில் படம் விழுந்தால் போதும், தானாக இந்தப் பெட்டிக்குப் போய்விடுகிறது. வெளியிலிருந்து பார்க்க டாக்டருக்கு மட்டும் ஒரு லிங்க், அதுவும் ஒரு வாரத்தில் தானே மூடிக்கொள்ளும். சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரி.

கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி இவர் பர்ஸில் வைத்திருக்கிறார். அதை எங்கே தொலைப்பாரோ!

மார்ச் 21, வியாழன்

இன்று ஒருத்தருக்கு நெஞ்சுப் படம் மூன்று தடவை எடுத்தேன். மூச்சை அடக்கச் சொன்னால் அப்போதுதான் மனுஷனுக்கு இருமல் வருகிறது. அசைந்த படத்தை டாக்டர் மேசைக்கு அனுப்பினால் எங்கள் சீனியர் என்னைத் தொலைத்துவிடுவார்.

சாயங்காலம் வாலுவும் அப்படித்தான். கண் எங்கேயோ போயிருந்தது. "அம்மாவைப் பாரு. நேரா பாரு." நான்காவது தடவைதான் ஒழுங்காக வந்தது. மற்ற மூன்றையும் அழித்துவிட்டேன். கொடுப்பது என்றால் நல்ல படத்தைத்தானே கொடுக்கணும்?

ஏப்ரல் 2, செவ்வாய்

நாத்தனாரிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன் — போனில் அழித்தால் பெட்டியிலும் போய்விடுமா என்று. "ஆமா அண்ணி, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கும். பாத்து அழிங்க," என்றாள்.

நிம்மதியாக இருந்தது. ஏன் நிம்மதி? எழுதும்போதுதான் கேட்கத் தோன்றுகிறது.

ஏப்ரல் 19, வெள்ளி

டாக்டரம்மா லிங்கைப் பார்த்துவிட்டுப் போன் செய்தார். "சாயங்காலப் படம்கூட நேரா இருக்கே! இப்படியே போனா ஆபரேஷனைத் தள்ளிப் போடலாம்." இவர் லிஃப்ட் ரிப்பேருக்குப் போன இடத்திலிருந்து பாதியில் ஓடி வந்து, வாலுவைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டையே இரண்டாக்கிவிட்டார். நாத்தனார்கூட விசில் அடித்தாள்.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நல்ல செய்திதானே?

மே 6, திங்கள்

இன்று பதினோராவது தடவைதான் நேராக வந்தது. வாலு அழுதது. நானும்.

மே 18, சனி

போன் வாளித் தண்ணீரில் விழுந்துவிட்டது. என் கைதான். பாத்ரூமில் துணி அலசிக்கொண்டே தோளுக்கும் காதுக்கும் நடுவே வைத்துப் பேசினால் விழாமல் என்ன செய்யும்? அரிசிக்குள் புதைத்துப் பார்த்தார் இவர். ஒன்றும் நடக்கவில்லை. செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் போகணும்.

"படமெல்லாம்?" என்றார். "பெட்டில இருக்கு," என்றேன். இருப்பதெல்லாம் நேரான கண்கள்தானே.

மே 19, ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

காலையில் புதுப் போனை நாத்தனார் பெட்டியோடு இணைத்தாள். அரை மணி நேரத்தில் ஒரே சிரிப்பு. "எல்லாம் வந்துடுச்சு அண்ணி! நீங்க கை தவறி நிறைய அழிச்சிருக்கீங்க, குப்பைத்தொட்டில கிடந்துச்சு. அழிச்சாலும் தொண்ணூறு நாள் பெட்டி எதையும் தூக்கிப் போடாது, நான் அப்படித்தான் செட் பண்ணி வச்சேன். எல்லாத்தையும் அள்ளிட்டு வந்துட்டேன். ஒண்ணுகூடப் போகலை!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கை நீட்டுவதற்குள் இவர் போனை வாங்கிவிட்டார். தள்ளினார். தள்ளினார். திரை முழுக்க வாலு, வாலு, வாலு. எல்லாவற்றிலும் இடது கண் காதைப் பார்த்துக்கொண்டு.

"இதெல்லாம் எப்ப எடுத்தது?"

கீழே தேதி இருக்கிறதே, என்ன சொல்வது? "அசைஞ்ச படம். அதான் அழிச்சிட்டேன்."

ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "படம் எதுவும் அசையலையே. கண்ணு மட்டும்தானே ஒதுங்கியிருக்கு."

கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் போனை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். நாத்தனார் வயரைச் சுற்றுவது போல நின்றாள், சுற்றி முடித்ததை மறுபடி அவிழ்த்துச் சுற்றினாள். போகும்போது, "எனக்குத் தெரியாது அண்ணி, தெரிஞ்சிருந்தா தனியா உங்ககிட்ட கேட்டிருப்பேன்," என்றாள். அவள் மேல் எரிச்சலாக வருகிறது. அவள் என்ன தப்பு செய்தாள்? தப்பெல்லாம் என்னுடையது.

மே 20, திங்கள்

வேலையில் மனசே இல்லை. இடது முழங்காலுக்கு எழுதியிருந்தார்கள், வலதை எடுத்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் இப்படி நடந்ததில்லை. சீனியர், "உடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் எண்ணினேன். இருநூற்று அறுபத்தேழு. சாயங்காலப் படங்கள்தான் அதிகம். மார்ச்சில் ஒரு நாளைக்கு ஒன்று இரண்டு, மே மாசத்தில் ஏழு, எட்டு. டாக்டரம்மா கேட்ட பதில் இதில் இருக்கிறது, என் கைக்குள். எக்ஸ்ரேயில் எலும்பு முறிந்திருந்தால் அது அசைந்த படமா? முறியாத மாதிரி தெரியும் வரை எடுப்பேனா? யாராவது அப்படிச் செய்தால் நானே சும்மா விட்டிருப்பேனா?

அழிக்கலாம். இப்போதும் அழிக்கலாம். இவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. கேட்டுத் தொலைக்கக் கூடாதா! எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, அந்தக் குப்பைத்தொட்டிச் சின்னத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பயம்டீ உனக்கு. பயந்துகிட்டு பிள்ளை கண்ணையே மறைச்சிட்டியே.

போனை மூடிவிட்டேன். அழிக்கவில்லை.

மே 21, செவ்வாய்

டாக்டரம்மா மேசையில் போனை வைத்து நானே சொன்னேன். இவரைச் சொல்ல விடவில்லை. "ஏப்ரல்ல நீங்க பாத்தது நான் பொறுக்கி எடுத்த படங்கள் டாக்டர். நிஜம் இதுதான்."

அவர் பொறுமையாக ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு தன் கோப்பைத் திருப்பி எனக்குக் காட்டினார். "ஒரு வருஷம் தள்ளலாம்னு எழுதி வச்சிருந்தேன். அதுக்குள்ள ரெண்டு கண்ணும் சேர்ந்து பாக்குற பழக்கமே விட்டுப் போயிருக்கும். இப்ப பண்ணிடலாம்மா."

திட்டவே இல்லை. திட்டியிருக்கலாம். வெளியே வந்ததும் இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பஸ் வரும்வரை விடவில்லை.

ஜூன் 12, புதன்

ஆபரேஷன் ஒரு மணி நேரம் பத்து நிமிஷம். என் ஆஸ்பத்திரி இல்லை, அதனால் கதவுக்கு வெளியே எல்லோரையும் போலத்தான் நானும். நாத்தனார் தோளில் சாய்ந்து அழுதேன். நன்றாக முடிந்தது.

ஜூன் 14, வெள்ளி

கண் செக்கச்செவேலென்று இருக்கிறது. வீக்கம் கொஞ்சம் பாக்கி. மறுபடியும் தினமும் படம் அனுப்பச் சொல்லியிருக்கிறார் டாக்டரம்மா. இன்று சாயங்காலம் ஜன்னல் பக்கம் நிற்க வைத்து ஒன்று எடுத்தேன்.

ஃபிளாஷ் அடித்ததும் வாலு தானாகவே நெஞ்சை நிமிர்த்தி, கையைக் கட்டிக்கொண்டு, "அம்மா, நான் நேரா பாத்தேனா? இல்ல இன்னும் பத்து தடவை நிக்கணுமா?" என்று கேட்டது.

"போதும்டா செல்லம், போய் விளையாடு," என்றேன். அது நம்பாமல் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.