மே மாதத்தில் வந்த சுற்றுலாக்காரர்கள்

கவரைப்பேட்டை,
8.6.2025, ஞாயிறு

அன்புள்ள தம்பி அன்புராஜுக்கு,

அக்கா பூமிகா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டுவிட்டு வருகிறது. மாலத்தீவில் மழை பிடித்துக்கொண்டது என்று சொன்னாய். நனைந்துகொண்டு திரியாதே. இங்கே இன்னும் வெயில் இறங்கவில்லை. சொர்ணவாரிப் பட்டத்து நெல் கதிர் விடுகிற பருவத்தில் நிற்கிறது. நம்ம போர்க் கிணற்றில் தண்ணீருக்குக் குறைவில்லை.

வாரம் தவறாமல் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போன மாதம் உன்னிடம் நான் போனில் சொன்னதெல்லாம் மறுநாளே உன் சிநேகிதன் பார்த்திபன் வாய் வழியாக எனக்குத் திரும்பி வந்தது. நம்ம நிலத்துக்குப் போகிற பாதை குறுகலாக இருக்கிறதே, ரிசார்ட்டுக்கு வருகிற விருந்தாளிகளின் கார் எப்படி வரும் என்று உன்னிடம்தான் கேட்டேன். அடுத்த நாள் அவன் வாசலில் வந்து நின்று, "பாதைய பத்தி பேஜாராவாதீங்கக்கா, நாங்களே அகலம் பண்ணிக்கினு போறோம்" என்கிறான். அவனிடம் நான் பாதையைப் பற்றி மூச்சே விடவில்லை. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். என்னோடு கம்பெனி கேட்டில் வேலை பார்க்கிற மெர்சியின் அண்ணன் புதன்கிழமை மாலே நகரத்துக்கு வருகிறார். அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். உறையை ஒட்டிய இடத்தில் குறுக்கே பேனாவால் கோடு போட்டிருக்கிறேன். கோடு விலகியிருந்தால் எனக்குச் சொல்.

சிரிக்காதே. பன்னிரண்டு வருஷம் கேட்டில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுதினால் எவனைப் பார்த்தாலும் முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை பார்க்கிற புத்தி வந்துவிடும். "உனக்கு எல்லாரும் திருடனாத்தான் தெரிவாங்க" என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. கோபமும் இல்லை.

நீ சுற்றுலாவைப் பற்றிச் சொன்னதெல்லாம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஏப்ரலில் லீவுக்கு வந்தபோது, சாப்பிட உட்கார்ந்தால் அதே பேச்சுதான். நெல் விளையாத, தொழிற்சாலை இல்லாத ஒரு நாடு வருகிறவர்களை வைத்தே பிழைக்கிறது என்றாய். விமான நிலையத்தில் பெட்டி தூக்குகிறவனிலிருந்து மீன் பிடிக்கிறவன் வரைக்கும் அதில் சோறு இருக்கிறது என்றாய். நம்ம நாட்டிலும் இப்போது ஜனங்கள் லீவு விட்டால் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள், சென்னையிலிருந்து ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிற ஊரை வைத்துக்கொண்டு நாம் கம்பெனி கேட்டில் சலாம் போட்டுக்கொண்டிருக்கிறோம் என்றாய். கடைசியாகச் சொன்னது எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஆனாலும் மற்றதை நான் நம்பினேன்.

நம்பாமல் என்ன, கண்ணால் பார்க்கிறோமே. தை அமாவாசைக்கு அம்மாவைத் திருவள்ளூர் வீரராகவர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனால் குளத்தைச் சுற்றிப் பூ விற்கிறவள், வெல்லம் விற்கிறவள், ஆட்டோக்காரன், டிபன் கடை என்று எத்தனை குடும்பம் அன்றைக்கு நிமிர்ந்து நிற்கிறது. பழவேற்காட்டில் பூநாரை பார்க்க வருகிறவர்களால் படகுக்காரர்கள் வீட்டிலும் பெண்கள் மீன் வறுத்து விற்று நாலு காசு பார்க்கிறார்கள். வெளியூர்க்காரன் வந்தால் உள்ளூர்க்காரனுக்கு வேலை. அதனால்தான் உன் சிநேகிதன் பார்த்திபன் ஏரிக்கரை ஓரம் நம்ம நிலத்தில் ரிசார்ட் கட்டப் போகிறான், குத்தகைக்குக் கேட்கிறான், நீ கூடப் படித்தவன், உன்னையே மேனேஜராக வைக்கப் போகிறான் என்றதும் நானும் சந்தோஷப்பட்டேன். ஆறு வருஷமாகக் கடலுக்கு நடுவில் கிடக்கிறாய். ஊருக்கு வந்துவிடுவாய் என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்.

முதல் சந்தேகம் அவன் கொண்டுவந்த வழவழப்பான புத்தகத்தில் வந்தது. அதில் நம்ம ஏரி நிறையப் பூநாரைகள். நம்ம ஏரிக்குக் கொக்கு வரும், நாரை வரும், முக்குளிப்பான் வரும். பூநாரை என்றைக்கு வந்தது? சரி, விளம்பரம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு மே மாதம் நடுவில், கத்திரி வெயிலில், மூன்று பேர் இடம் பார்க்க வந்தார்கள். பார்த்திபன், ஒரு கணக்கர், வெள்ளைச் சட்டை போட்ட இன்னொருவர். அவர் பேர் ரகு, தோட்டம் அமைக்கிற இன்ஜினீயர் என்றான் பார்த்திபன். நீயே சொல், விருந்தாளிக்காக இடம் பார்க்கிறவன் எப்போது வருவான்? கார்த்திகையிலிருந்து மாசிக்குள், ஏரி தளும்பி, பறவை வந்து உட்கார்ந்திருக்கும்போது வருவான். ஏரி வெடித்துக் கிடக்கிற மே மாதத்தில் எவன் வருவான்? கோடையிலும் எங்கே தண்ணீர் நிற்கிறது என்று பார்க்க வேண்டியவன்தான் வருவான். நம்ம பக்கத்தில் போர் போடுகிறவனும் அந்த மாதத்தில்தான் இடம் பார்ப்பான். இது நிலம் வைத்திருக்கிற யாருக்கும் தெரியும். உனக்கும் தெரியும்.

அந்த இன்ஜினீயர் ஏரிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக மோட்டார் கொட்டகைக்குப் போனார். பேனா மாதிரி ஒரு மீட்டரைத் தண்ணீரில் விட்டு எண்ணைப் பார்த்தார். "உப்பே இல்ல" என்று பார்த்திபனிடம் மெதுவாகச் சொன்னார். அவர் முகத்தில் அப்போதுதான் முதன்முதலாகச் சிரிப்பு வந்தது. மீஞ்சூர் பக்கம் கடல் உள்ளே வந்து நிலத்தடி நீர் உப்பாகி எத்தனை வருஷம் ஆயிற்று. இனிப்புத் தண்ணீரைத் தேடிக்கொண்டு லாரிகள் மேற்கே மேற்கே வருகின்றன. பிறகு அம்மாவிடம், "மோட்டாரு நிறுத்தாம எத்தினி மணி நேரம் ஓடும்மா?" என்று கேட்டார். அம்மா பெருமையாக, "எங்க ஊட்டுக்காரரு போட்ட போரு, மூணு நாளு ஓட்னாலும் கொறையாதுபா" என்று சொல்லிவிட்டு மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

நான் சும்மா இருப்பேனா? சமையலுக்கு எத்தனை பேர் வேண்டியிருக்கும், நம்ம தெருப் பெண்கள் கேட்கிறார்கள் என்று பார்த்திபனிடம் கேட்டேன். "அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்கா, இப்போதிக்கி ஒரு வாட்ச்மேன் போதும்" என்றான். விருந்தாளிக்கு நாஷ்டா போடக்கூட ஆள் வேண்டாத ரிசார்ட்டை நான் எங்கேயும் கேள்விப்பட்டதில்லை. உன் தீவில் அப்படி இருக்கிறதா?

பத்து நாள் கழித்து, எங்கள் கம்பெனி கேட்டில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. அதே ரகு. யூனிஃபார்மும் தொப்பியும் மாஸ்க்கும் போட்டிருந்ததால் என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. உள்ளே போகச் சீட்டு எழுத வேண்டுமே, என்ன வேலையாக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "வாட்டர் சப்ளை" என்றார். கும்மிடிப்பூண்டியில் இன்னும் நாலு கம்பெனிக்கு அவருடைய டேங்கர்தான் ஓடுகிறது என்று எங்கள் செக்யூரிட்டி ஆபீசர் ஆதிகேசவன் சார் பிறகு சொன்னார். கார் நம்பரை இரண்டு தடவை சரிபார்த்துச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது உன்னிடமும் சொல்லவில்லை. குத்தகைப் பேப்பர் ஏதாவது வந்ததா என்று மட்டும் கேட்டேன். "நான் இன்னும் பாக்கவே இல்லக்கா, மொதல்ல உங்கிட்டதான் குடுப்பான்" என்றாய்.

வியாழக்கிழமை நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் பார்த்திபன் அந்தப் பேப்பரை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். "அன்பு சொல்லிட்டான்மா" என்றதும் அம்மா கைநாட்டு வைத்துவிட்டாள். நிலம் நம்ம மூன்று பேர் பேரிலும் இருப்பதால், இனி என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. வருகிற 16ஆம் தேதி திங்கட்கிழமை மூன்று பேருக்கும் சேர்த்துப் பத்திர ஆபீசில் நேரம் வாங்கியிருக்கிறானாம். உனக்குப் பதிலாக நிற்க ஆள் ஏற்பாடு செய்திருக்கிறானாம்.

நான் அதை வரி வரியாகப் படித்தேன். இருபத்தொன்பது வருஷக் குத்தகை. பதினோரு பக்கம். குத்தகை எடுக்கிற கம்பெனியின் பேரைத் தவிர எங்கேயும் சுற்றுலா என்ற சொல் கிடையாது. அறை கிடையாது, விருந்தாளி கிடையாது, மேனேஜர் கிடையாது. போர் இருக்கிறது, மோட்டார் கொட்டகை இருக்கிறது, விவசாயத்துக்கென்று நம்ம நைனா இருந்த காலத்தில் அலைந்து வாங்கிய கரண்ட் இணைப்பின் எண் இருக்கிறது, கனரக வாகனம் வந்து போகிற அளவுக்குப் பாதை இருக்கிறது. ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கமும் தண்ணீர் லாரி இப்படித்தான் வர ஆரம்பித்தது. இரண்டே கோடையில் சுப்பிரமணி மாமா போரில் சேறுதான் வந்தது. அவர் நிலத்தை அவர் கொடுக்கக்கூட இல்லை, பக்கத்து நிலத்துக்காரன்தான் கொடுத்தான். இப்போது அவர் எங்கள் கம்பெனியில் கக்கூஸ் கழுவுகிறார். தினமும் காலையில் நான்தான் அவர் பேரை எழுதி உள்ளே அனுப்புகிறேன்.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் உன் கையெழுத்து இருக்கிறது. தேதி மே 27, இன்னும் பார்க்கவே இல்லை என்று நீ சொன்னதற்கு ஐந்து நாள் முன்னால்.

மூன்றாவது பக்கத்தில் "இரண்டு ஆழ்துளைக் கிணறுகள்" என்று தட்டச்சு செய்ததில் இரண்டை அடித்து, மேலே பேனாவால் நான்கு என்று எழுதியிருக்கிறது. அதற்குப் பக்கத்தில் உன் சின்னக் கையெழுத்து. எங்கள் ரிஜிஸ்டரில் ஒரு எண்ணை அடித்துத் திருத்தினால் திருத்தியவர் பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட வேண்டும். மொத்தப் பக்கத்திலும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடலாம். திருத்தத்துக்குப் பக்கத்தில் அப்படிப் போட முடியாது. பார்த்துத்தான் போட வேண்டும். வேறு யாரோ போட்டார்கள் என்று சொல்லிவிடாதே. ரேங்க் கார்டில் நைனா கையெழுத்தை நீ போட்டுக்கொண்டு போன காலத்திலிருந்து உன் கை எனக்குத் தெரியும்.

எனக்கு ஆத்திரம் வந்தது. அழுகையும் வந்தது. உனக்கு அங்கே என்ன கஷ்டம், என்ன அவசரம் என்று நான் கேட்கவில்லை. எது இருந்தாலும் என்னிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். பூநாரைப் படம் எதற்கு?

நான் கையெழுத்துப் போட மாட்டேன். திங்கட்கிழமை பார்த்திபன் வந்து நின்றாலும், நீயே விமானம் ஏறி வந்து நின்றாலும் போட மாட்டேன். என் கையெழுத்து இல்லாமல் அது நடக்காது என்று வக்கீலிடம் கேட்டுக்கொண்டுவிட்டேன்.

நேற்றுச் சாயங்காலம் அம்மாவை உட்காரவைத்து, இது ரிசார்ட் இல்லை, தண்ணீர் லாரிக்குத்தான் நம்ம போரைக் கேட்கிறார்கள் என்று சொன்னேன். அவள் கைநாட்டு வைத்த கட்டைவிரலைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "அன்பு தெரிஞ்சிக்கினா கையெயுத்து போட்டான்?" என்று கேட்டாள். அதை மட்டும்தான் கேட்டாள்.

இல்லை என்று சொல்லிவிட்டேன். பார்த்திபன் அவனையும் ஏமாற்றிவிட்டான், அவன் படிக்காமல் போட்டுவிட்டான் என்றேன். அம்மா பெருமூச்சு விட்டு, "அதான பாத்தேன், வெகுளிப் புள்ள" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்ச் சோறு வடித்தாள்.

அதனால், தம்பி, அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுது. போனில் வேண்டாம், உன் குரலை வைத்தே அவள் கண்டுபிடித்துவிடுவாள். ரிசார்ட் என்று நம்பினேன், படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று எழுது. மெர்சியின் அண்ணன் இருபதாம் தேதி திரும்பி வருகிறார், அவரிடமே கொடு. நான் அவளுக்குப் படித்துக் காட்டுகிறேன்.

எனக்கு எழுதுவதாக இருந்தால் அது வேறு காகிதத்தில், வேறு உறையில் இருக்கட்டும். அதில் நடந்ததை எழுது. எழுத முடியாவிட்டால் விட்டுவிடு. ஆனால் அம்மாவுக்குச் சொல்கிற பொய்யை எனக்கும் எழுதிவிடாதே.

ஊருக்கு வரவேண்டும் என்று தோன்றினால் ரிசார்ட்டும் வேண்டாம், மேனேஜர் வேலையும் வேண்டாம், சும்மா வா. வேளைக்குச் சாப்பிடு. எங்கே இருந்தாலும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் அக்கா
பூமிகா