நேர்த்தியும் அப்பச்சோடாவும்

பதுளை,
12.11.1956

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்களும் தங்கச்சியும் சுகமென்று நம்புகிறேன். என் சுகத்தை விசாரித்திருந்தீர்கள். அந்த விசாரிப்புக் கொஞ்சம் பிந்திவிட்டது.

லுணுகலைத் தபாற்கந்தோரிலிருந்து எனக்கு ஊர்மாற்றம் கிடைக்க, நான் கந்தசஷ்டி ஆறு நாளும் பட்டினி கிடப்பேன் என்று என்னைக் கேளாமலே நல்லூரில் நேர்த்தி வைத்தீர்கள். நேர்ந்த வாய் உங்களுடையது, எரிந்த வயிறு என்னுடையது. எரிந்தால் அப்பச்சோடா கரைத்துக் குடி என்று எழுதியதும் நீங்கள்தான். நாளுக்கு ஐந்தாறு தரம் குடித்தேன். நோவு அடங்கியதால் விரதமும் நடந்தது. மலம் தார்போலக் கறுத்ததை, நீங்கள் அனுப்பிய இரும்புச்சத்து டொனிக்கின் வேலை என்று விட்டுவிட்டேன். நாலாம் நாள் கடிதங்களுக்குச் சீல் குத்தும்போது மயங்கி விழுந்தேன். பயப்பட ஒன்றுமில்லை. முத்திரை வாங்க வந்த தோட்டத்துக் கங்காணி ஒருவர், "சாப்பிட்டுட்டு சாமி கும்பிடுங்கய்யா, அது கோவிச்சுக்காது" என்று திட்டியபடி பஸ்ஸில் ஏற்றி, ஆசுபத்திரிவரை கூடவே வந்தார்.

"சோடா நோவைத்தான் மறைச்சது, உள்ளுக்குப் புண்ணிலை இரத்தம் கசிஞ்சுகொண்டிருந்தது" என்றார் டாக்டர். இப்போது சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு வெள்ளை மருந்து, போத்தலைக் குலுக்கி, சொன்ன அளவு மட்டும். டொனிக்கை அதோடு சேர்த்துக் குடிக்கவே கூடாதாம். மாமாவும் தினமும் சோடா குடிக்கிறார். அவரை இன்றைக்கே டாக்டரிடம் அனுப்புங்கள்.

மிளகாய்த்தூள் அனுப்ப வேண்டாம். என் பழைய போர்வையை அனுப்புங்கள்.

முருகன் மாற்றம் தந்துவிட்டார்: லுணுகலையிலிருந்து பதுளை ஆசுபத்திரி நாலாம் வாட்டுக்கு. நீங்கள் வர வேண்டாம். வருவதானால், பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் உள்ளே விடுவார்கள்.

மகன்,
சிவபாதம்