காலி வீதியில் திரும்பிப்போன லொறிகள்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் புது வேலைத்தளம். காலையில் கேட்டைத் திறந்ததும் ஈரக் களிமண் வாசம் வந்தது. கலியாணமான புதிதில் நம் இருவர் உடுப்பிலும் தோய்த்தாலும் போகாமல் கிடந்த வாசம். அப்படியே நின்றுவிட்டேன்.

அதற்கும் முன், நாம் முதலில் சண்டை பிடித்தது வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில். மாடிக் குடியிருப்பு ஒன்றுக்கு அத்திவாரத் துளை போட்டுக்கொண்டிருந்தோம். துளை இடியாமலிருக்க நிரப்பும் களிச்சேற்றை மேலே இறைத்து, அதிரும் வலையில் மணலைப் பிரித்து, திரும்பத் துளைக்குள் விடுவது என் பொறுப்பு. தரம் பார்க்கும் எஞ்சினியர் நீ. அன்று பெரிய கண் வலை பூட்டியிருந்தேன். கொங்கிறீற் லொறிகள் பெருந்தெருவான காலி வீதியில் வந்து நின்றன. துளையின் அடியிலிருந்து சேறு எடுத்துச் சோதித்துவிட்டு வந்தாய்.

“மணல் கூடிப்போச்சு. இண்டைக்கு கொங்கிறீற் விடேலாது.”

“சின்னக் கண் போட்டா அடைச்சு, சேறு ரோட்டுக்கு வழியும். இதில நல்லா ஓடுது.”

“மணலும் சேர்ந்தெல்லோ ஓடுது. அது அடியில படிஞ்சா, தூண் மணலுக்கு மேலதான் நிக்கும்.”

லொறிகளைத் திருப்பி அனுப்பினாய். முதலாளி தொலைபேசியில் கத்தி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டாய். நான் கோபத்தோடு சின்னக் கண் வலையைப் பூட்டினேன். நான் சொன்னபடியே அது அடைத்து, சேறு ஒழுங்கைக்குள் வழிந்தது. பக்கத்து வீட்டு அம்மா சிங்களத்தில் ஏசத் தொடங்கினார். நீ மண்வெட்டியால் சேற்றை வழித்தாய். பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் நானும் சேர்ந்தேன்.

“பெரிய கண்ணை மேலயும் சின்னதைக் கீழயும் போட்டுப் பாப்பமா?” என்று கேட்டேன்.

“பம்பையும் மெதுவா விடுங்கோ” என்றாய்.

மேல் வலை பருக்கைக் கற்களை நிறுத்தியது. கீழ் வலை அடைக்காமல் மணலைப் பிடித்தது. அடுத்த நாள், “இப்ப விடலாம்” என்று சொல்லிச் சிரித்தாய். அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் பிறகு காரணம் தேடித் தேடி உன் பக்கம் வந்தேன்.

கடைசியாகக் களுபோவில ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் திரும்பும்போது அந்த ஒழுங்கையில் வாகனத்தை நிறுத்தச் சொன்னாய். பல்கனிகளில் உடுப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. யாரோ பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“இவ்வளவு சனமும் ஒவ்வொரு இரவும் நிம்மதியா நித்திரை கொள்ளுது. எங்களை ஒருத்தருக்கும் தெரியாது. அதுவும் நல்லதுதான், என்ன?”

“ஓம்” என்றேன்.

நீ இல்லாத வீட்டிலிருந்து வேலைக்குப் புறப்படுவது இன்னும் பழகவில்லை. ஆனாலும் ஒவ்வொரு துளையிலும் வேலை தொடங்குமுன், நாளைக்கு அங்கே குடிவரப்போகிற முகம் தெரியாத மனிதரைக் கொஞ்சநேரம் நினைத்துக்கொள்கிறேன். இன்றும் நினைத்தேன். அவர்கள் உன்னை அறியப்போவதில்லை. அவர்களை நினைக்க என்னைப் பழக்கியது நீ.