எதிர்த்துப் பேச ஓர் ஆள்

அண்ணா,

ஸ்டேஷன் ரோடு பிரவுசிங் சென்டரில் இன்றைக்கும் அதே ஊதுவத்தி வாசனை, அதே புழுக்கம். காமாலையில் நீ போய்ச் சேர்ந்த செய்தியை உன் இணையக் குழுவில் போன வாரம் நான்தான் எழுதிப் போட்டேன். இன்று திறந்து பார்த்தால் வரிசையாக இரங்கல். "இனிமையாகப் பழகுவார்." "யார் மனதையும் புண்படுத்தாதவர்." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார், நீயா? சாம்பாரில் உப்பு போதவில்லை என்பதற்கே ஊரைக் கூட்டுகிறவன் நீ! போன வருஷம் உன்னை வம்புக்காரன் என்று எழுதியவர்கள்தானே இவர்கள்?

அப்போது என் விஷயம் உனக்கு மட்டும்தான் தெரியும். என் கம்பெனி எலெக்ட்ரீஷியனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நின்றேன். அவர் வேறு சாதி. நைனாவிடம் நீதான் பேச வேண்டும். ஸ்டீல் கம்பெனியில் சூப்பர்வைசரோடு மல்லுக்கு நிற்கிற உனக்கு, நைனா செருமினாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"அவரு இன்னா இன்னா கேப்பாரோ, அத்தெல்லாம் மொதல்ல ஒருத்தன் என்கிட்ட கேக்கணும். பதில் சொல்லிப் பழகிக்கினு போனா பயம் இருக்காது" என்றாய்.

ஷிஃப்ட் முடிந்ததும் இதே சென்டரில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு குழுவில் எழுதினாய். உங்கள் வீட்டுப் பெண் வேறு சாதிப் பையனைக் கூட்டிவந்தால் என்ன செய்வீர்கள்? முடியாது என்கிறவர்கள் மட்டும் வாருங்கள், சண்டை போடலாம்.

வந்தார்களா? "இப்போதெல்லாம் யார் சார் சாதி பார்க்கிறார்கள்?" "மனசுதான் முக்கியம்." அத்தனை பேரும் உத்தமர்கள்!

"எல்லாரும் இவ்ளோ நல்லவங்கன்னா, நீ எதுக்கும்மா அழுதுகினு இருக்க?" என்று என்னைக் கேட்டாய். அந்த உத்தமர்களில் ஒருவன் தங்கைக்கு வரன் தேடிக் குழுவில் எழுதியபோது சாதியை முதல் வரியிலேயே போட்டிருந்தான். அதை எடுத்துக் காட்டினாய். தனிமனிதத் தாக்குதலாம்! உனக்கு எச்சரிக்கை வந்தது.

ஒரே ஒருவர் வந்தார். சேலத்துக்காரர். சொந்தப் பெயரிலேயே, "நான் ஒத்துக்க மாட்டேன். என் பொண்ணா இருந்தா தலைமுழுகிடுவேன்" என்று எழுதினார். "வந்தான்டா என் ராசா!" என்று துள்ளினாய். சொத்து, சாவு வீடு, பிறக்கப்போகும் பிள்ளை என்று அவர் எதையும் விடவில்லை. நீயும் விடவில்லை. போன் நம்பர்கூடப் பரிமாறிக்கொண்டீர்கள். குழுவின் மாண்பு கெடுகிறது என்று சொல்லி நடத்துகிறவர்கள் அவரை நீக்கினார்கள்.

"உண்மைய பேச வந்தது ஒரே ஆளு, அவரையும் தூக்கிட்டானுங்களே, பேமானிங்க!" நீ கத்தியதில் பக்கத்துக் கேபின்காரர் எட்டிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு நைனாவிடம் போனோம். சேலத்துக்காரர் கேட்டதையெல்லாம் அவரும் கேட்டார். நீ தடுமாறவே இல்லை. கடைசியில், "ஊர்ல இன்னாடா சொல்வாங்க?" என்றார்.

"ஊர்ல நானும் ஒருத்தன் நைனா. நல்லா இருக்கட்டும்னு நான் சொல்றேன்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். பெரியபாளையத்தம்மன் கோயிலில் எனக்குத் தாலி ஏறியபோது ஒரு தூணோரம் நின்றிருந்தார்.

இரங்கல் எழுதியவர்களில் ஒருத்தராவது அன்றைக்கு நீ கேட்டதற்கு நேராகப் பதில் சொன்னாரா? நீக்கப்பட்ட சேலத்துக்காரரால் அங்கே எழுத முடியாது. நேற்று உன் செல்லுக்குக் கூப்பிட்டார். நான்தான் எடுத்தேன். சொன்னதும் "ஐயோ" என்றார். பிறகு, "யாருக்காகம்மா அவர் என்கிட்ட அப்படி மல்லுக்கட்டுனாரு?"

"எனக்காகத்தான் சார். அந்தப் பொண்ணு நான்தான்."

"அந்த வீட்ல உன்னை நல்லா வெச்சிருக்காங்களாம்மா?" என்றார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நல்லா இருக்கேன் சார் என்றேன்.

"சந்தோஷம். ஆனா நான் ஒத்துக்கலம்மா" என்றார்.

ஏன் சார், சொல்லுங்கள் என்று ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூப்பிடுகிறாராம். அவர் மகள் இந்த வருஷம்தான் வேலைக்குப் போயிருக்கிறாளாம். நான் விடப்போவதில்லை, அண்ணா.