இரண்டாயிரத்து இருநூற்று நாற்பது கிலோ

மார்ச் 11, செவ்வாய்

காலையில் துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு வரும்போதுதான் அலுவலக ஜன்னலில் அந்தத் தாளைப் பார்த்தேன். சக்கர வீடுகளை நிறுத்தி நாங்கள் குடியிருக்கும் இந்தக் கேரவன் பூங்காவை விற்றுவிட்டார்களாம். ஏப்ரல் முப்பதுக்குள் எல்லாரும் இடத்தைக் காலி செய்ய வேண்டும். ஆறு வருஷமாக மர்ரி ஆற்றின் இந்தக் கரைதான் எனக்கு வீடு. இந்த ஆறு வருஷத்தில் என் கேரவன் ஓர் அடிகூட நகர்ந்ததில்லை. காரோடு மாட்டும் கொக்கி துருப்பிடித்திருக்கிறது. நான் மட்டும் என்னவாம்?

மார்ச் 20, வியாழன்

போர்ட் பைரியில் ஓர் இடம் கிடைத்திருக்கிறது. கடல் பக்கம். மூன்றரை மணி நேரப் பயணம். அங்கே யாரையும் தெரியாது. இங்கே மட்டும் யாரைத் தெரியும்? பக்கத்து கேரவன் மெர்வை. அவரும் மகள் வீட்டுக்குப் போகிறார்.

கிளம்புவதற்கு முன்னால் எடை போட்டுப் பார்க்க வேண்டும் என்றேன். மெர்வ் சிரித்தார்.

"எடையா? கொக்கியில மாட்டு, இழு, போய்க்கிட்டே இரு ரோஸ். நடு ரோட்டுல எவன் தராசு வச்சுக்கிட்டு நிக்கப் போறான்?"

"கதவுப் பக்கம் தகட்டுல ஆயிரத்துத் தொள்ளாயிரம் கிலோவுக்கு மேல கூடாதுன்னு போட்டிருக்கே மெர்வ்."

"அதெல்லாம் கம்பெனிக்காரன் பயமுறுத்துறதுக்குப் போடுறது."

மார்ச் 29, சனி

இன்று மூன்று கேரவன்கள் போயின. அவை நின்ற இடத்தில் புல் வெளுத்துச் சதுரம் சதுரமாகத் தெரிகிறது.

ஏப்ரல் 2, புதன்

இரண்டு டீ குடித்தாயிற்று. எழுதினால் மனசு அடங்குமா பார்ப்போம்.

கோதுமைக் கிடங்கில் லாரிகளுக்கான எடைமேடை இருக்கிறது. இங்கிருந்து பதினான்கு கிலோமீட்டர். மெர்வ் கொக்கியை மாட்டிக் கொடுத்தார். கிளம்பினேன். ஊரைத் தாண்டி எண்பதைத் தொட்டதும் பின்னால் ஏதோ இழுத்தது. கண்ணாடியில் பார்க்கிறேன் – கேரவன் இந்தப் பக்கம், அந்தப் பக்கம்னு வாலாட்டுது. எதிர்ல ஒரு லாரி வேற. அவ்ளோதான், முடிஞ்சுதுன்னு நெனச்சேன். ஸ்டியரிங்கை ஆடாமல் பிடித்துக்கொண்டு காலை மட்டும் எடுத்தேன். லாரி போய்விட்டது. மீதித் தூரத்தை நாற்பதில்தான் ஓட்டினேன்.

எடைமேடையில் டெனிஸ் என்றொரு பெண். பருத்த உடம்பு, உரத்த குரல். காரைக் கழற்றச் சொல்லிவிட்டு கேரவனை மட்டும் மேடையில் நிறுத்தினாள்.

"ரெண்டாயிரத்து எரநூத்து நாப்பது. முந்நூத்தி நாப்பது கிலோ கூட இருக்கும்மா. உள்ள என்ன, கல்லறைக் கல்லா?"

பிறகு கொக்கிக்குக் கீழே இருக்கும் சின்ன முன்சக்கரத்தை மட்டும் மேடையில் வைத்துப் பார்த்தாள். எண்பத்தைந்து கிலோ.

"மொத்த எடையில பத்துல ஒரு பங்காவது கொக்கி மேல உக்காரணும். உனக்கு எல்லாம் பின்னாடி கெடக்கு. அதான் ஆடுது. பின்னாடி என்ன வச்சிருக்க?"

"என் மகனோட சாமான்."

"அவன எடுத்துட்டுப் போகச் சொல்லு."

நான் காரைத் திருப்பிக் கொண்டுவந்து கொக்கிக்கு நேராக நிறுத்தினேன்.

ஏப்ரல் 3, வியாழன்

கேரவனை விட்டு வெளியே வரவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

இரண்டு தண்ணீர்த் தொட்டியையும் திறந்துவிட்டேன். நூற்று அறுபது கிலோ தண்ணீர் மண்ணில் போனது. தையல் மெஷின், இரும்புச் சட்டி, கூடாரத் தரைவிரிப்பு, இரண்டாவது கேஸ் சிலிண்டர் எல்லாவற்றையும் குளியலறைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்து எழுதினேன். அறுபது. எல்லாம் வெளியே போயிற்று. இன்னும் நூற்று இருபது குறைய வேண்டும்.

வெளியே போட என்னுடையது என்று இனி எதுவும் இல்லை. மிச்சமெல்லாம் என் மகன் கேலமுடையது. என் கட்டிலுக்கு அடியில் அவனுடைய உடற்பயிற்சி இரும்புத் தட்டுகள், நூற்றுப் பத்து கிலோ. ஒரு பெட்டி நிறைய மோட்டார் பைக் எஞ்சின் பாகங்கள், நாற்பது. சுரங்க வேலைக்கு மேற்கே போகும்போது 'கொஞ்ச நாள் வச்சிரும்மா' என்றான். ஆறு வருஷமாக அதன் மேல்தான் படுக்கிறேன்.

அவன் என்னோடு பேசி இரண்டு வருஷம். விடுமுறைக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது விமான நிலையத்தில் வைத்து, "நீயும் உங்கப்பன் மாதிரிதான்" என்று சொல்லிவிட்டேன். அவங்கப்பன் சொல்லாமல் போனவன். இவன் சொல்லிவிட்டுத்தான் போனான். ஏன் அப்படிச் சொன்னேன்?

சாமான் இங்கே இருக்கும்வரை ஒருநாள் எடுக்க வருவான் என்றே இருந்தேன். எழுதிப் பார்த்தால் அசட்டுத்தனமாக இருக்கிறது.

ஏப்ரல் 9, புதன்

கேலமைப் போனில் கூப்பிட்டேன். இரண்டு முறை எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்தான்.

"என்னம்மா, யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா?"

"இல்ல. உன் இரும்புத் தட்டெல்லாம் என்ன பண்றதுன்னு கேக்கத்தான்."

"எந்தத் தட்டு?"

அவனுக்கு ஞாபகமே இல்லை. மேற்கே போகும்போது வைத்துவிட்டுப் போனதை எடுத்துச் சொன்னேன். பிறகு, "அத இன்னுமா வச்சிருக்க? நான் புதுசு வாங்கியே மூணு வருஷம் ஆச்சேம்மா. தூக்கிப் போடு" என்றான்.

தூக்கிப் போடு. சரி, போடுகிறேன். போனை வைத்துவிடலாம் என்று நினைத்தபோது, "எங்க வச்சிருக்க அத?" என்று கேட்டான்.

"கட்டிலுக்குக் கீழ. பின்பக்கம்."

"பின்னாடியா! அத வச்சுக்கிட்டு ரோட்டுல ஓட்டுனியா? அறிவிருக்காம்மா உனக்கு? வால் ஆடும்மா! வண்டியே கவுந்துரும்! யாரு ஓட்டச் சொன்னா?"

நானும் கத்தினேன். "யாரு சொல்லணும்? யாரு இருக்கா இங்க சொல்றதுக்கு?"

அவன் எங்கோ கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. அப்புறம் மெதுவாக, கனமான சாமானைச் சக்கரத்துக்கு நேர் மேலே வைக்க வேண்டும், கொக்கியின் எடையைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். எல்லாம் டெனிஸ் சொன்னதுதான். தெரியாததுபோலக் கேட்டுக்கொண்டேன். ஒன்றை இரண்டாம் தடவை சொல்லச் சொன்னேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

தட்டுகளைத் தீயணைப்புத் தொண்டர்கள் கொட்டகையில் கொடுத்தேன். எஞ்சின் பெட்டியை மெர்வ் எடுத்துக்கொண்டார். "எதுக்கு மெர்வ் உங்களுக்கு?" என்றால், "மகள் வீட்டுல நான் என்ன பண்றது, சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காரவா?" என்கிறார்.

கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தேன். துருப்பிடித்த வட்டங்கள் மட்டும்.

ஏப்ரல் 14, திங்கள்

1,870. கொக்கியில் 190. டெனிஸ் சீட்டில் முத்திரை குத்தி, "இப்ப போலாம், ராணி மாதிரி போ" என்றாள். சீட்டைப் படம் எடுத்துக் கேலமுக்கு அனுப்பினேன். பதில் இல்லை. சுரங்கத்துக்குள் இருப்பான்.

ஏப்ரல் 17, வியாழன்

மெர்வ் போய்விட்டார். கை கொடுத்தார், அவ்வளவுதான். இப்போது பூங்காவில் நான் ஒருத்தி.

ஏப்ரல் 24, வியாழன்

வந்து சேர்ந்துவிட்டேன். எண்பதுக்கு மேல் போகவில்லை. ஒருமுறைகூட ஆடவில்லை. வழியில் ஓர் இடத்தில் நிறுத்தி, மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட 'பை' ஒன்று சாப்பிட்டேன். காரில் பேச ஆள் இல்லை, ரேடியோவிலும் அலை கிடைக்கவில்லை. சாயங்காலம் கேலமிடமிருந்து ஒரே வார்த்தை: 'சேந்தாச்சா?'

சேந்தாச்சு என்று அனுப்பினேன். வேறு என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

மே 18, ஞாயிறு

இங்கே காற்று ஓய்வதே இல்லை. பக்கத்து கேரவன்காரர்கள் தலையசைப்பதோடு சரி.

கேலம் கூப்பிட்டான். அவன் கூப்பிடுவது இது தொடர்ந்து மூன்றாவது ஞாயிறு. விமான நிலையத்துப் பேச்சை அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. நாற்பது நிமிஷம் பேசினோம். பிரேக் வயர், சக்கரத்துக்கு எந்த கிரீஸ், கடல் காற்றில் கொக்கி எத்தனை நாளில் துருப்பிடிக்கும் – எல்லாம் வண்டிப் பேச்சுதான். வைக்கும்போது, "டயர்ல காத்து எவ்ளோ இருக்குன்னு பாத்து வையிம்மா, அடுத்த வாரம் கேப்பேன்" என்றான்.

வண்டி இனி எங்கேயும் போகப் போவதில்லை. இருந்தாலும் அளவுமானியை எடுத்துக்கொண்டு காற்றில் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இரண்டு டயரிலும் நாற்பத்தைந்து.