அதிர வேண்டும்

2024 செப்டம்பர் 10, செவ்வாய்

மூன்று மணி நேரம். ஒரு சொல்.

ஜெனீவா கூட்டம். கோவை ஆர்.எஸ்.புரம் வீட்டிலிருந்தே வீடியோவில் உட்கார்ந்தேன். வெள்ளம், தீ என்றால் அரசாங்கம் எல்லா செல்போனுக்கும் அனுப்பும் அபாய எச்சரிக்கை எப்படி வர வேண்டும் என்பதற்கு, உலகம் முழுவதற்குமான விதிமுறை. மூன்று வருடமாக அதை எழுதும் பொறுப்பு என்னுடையது. நானாகச் சேர்த்தது ஒரே வரி: சத்தத்தோடு போன் பத்து நொடி விடாமல் அதிர வேண்டும். போன் கம்பெனிக்காரர்கள் ‘அதிர்வது நல்லது’ என்று மாற்றச் சொல்கிறார்கள். ‘வேண்டும்’ என்றால் செய்தே ஆக வேண்டும். ‘நல்லது’ என்றால் ஒருவரும் செய்யமாட்டார்கள். பேட்டரி தீர்ந்துவிடுமாம். பத்து நொடிக்கு!

முடிவில்லை. அந்தச் சொல்லைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டார்கள். சண்டை தீரவில்லை என்பதற்கு அதுதான் எங்கள் அடையாளம்.

சுரேந்தர் பம்ப் கம்பெனியிலிருந்து வந்து கேட்டார்: “போன மாசமும் இதே வார்த்தைதான அம்மணி? இந்நேரத்துக்கு நாங்க நானூறு மோட்டாரு அனுப்பியிருப்போம்.”

கட்டிய கணவனுக்கே என் வேலை என்னவென்று சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

கருமத்தம்பட்டி, அம்மா வீடு. அம்மா முப்பத்தோரு வருடம் விசைத்தறி ஓட்டியவள், அந்தச் சத்தத்தில் காது போய்விட்டது. இப்போது உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்கிறாள். பக்கத்து வீட்டுக் கதிர்வேலின் தறிக் குடோனுக்குப் போய் என் போனில் எச்சரிக்கை ஒலியை முழுச் சத்தத்தில் வைத்தேன். ஒன்பது பேர் வேலையில் இருந்தார்கள். ஒருவர் தலைகூடத் திரும்பவில்லை. போனைக் கதிர்வேலின் சட்டைப் பையில் போட்டு அதிரவிட்டேன். துள்ளிவிட்டார்.

“ஏனுங்க அம்மணி, கரண்டு கிரண்டு அடிச்சுப்போட்டுதோன்னு பயந்துட்டனுங்க!”

இதை அந்தக் கூட்டத்தில் எப்படிக் காட்டுவது?

அக்டோபர் 3, வியாழன்

டெல்லியிலிருந்து எங்கள் துறை இயக்குநர் பேசினார். குழுவின் தலைவர் பதவி காலியாகிறதாம். இந்தியா என் பெயரைக் கொடுக்கும், எதிர்த்தரப்பும் ஆதரிக்கும். ஒரே நிபந்தனை, ‘வேண்டும்’ போக வேண்டும்.

“ஒரு சொல்தானே மேடம்” என்றார்.

பத்தொன்பது வருடம் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன்.

அக்டோபர் 4

‘தலைவர், லோகப்பிரியா’ என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. சீ.

அக்டோபர் 6, ஞாயிறு

சுரேந்தரிடம் சொன்னேன். யோசிக்கவே இல்லை.

“வாங்கிக்க அம்மணி. பதவி கைக்கு வந்தப்பறம் நீயே மாத்திக்கலாமல்ல?”

நியாயமாகத்தான் பட்டது. நியாயமாகப் படவேண்டும் என்று நான்தான் ஆசைப்பட்டேனோ?

அக்டோபர் 17, வியாழன்

விட்டுக்கொடுத்துவிட்டேன். மூன்று வருடச் சண்டை, பதினொரு நிமிடத்தில் முடிந்தது. எல்லோரும் எனக்கு நன்றி சொன்னார்கள். ஒருத்தர் கைதட்டினார். எனக்குன்னா அழுகையா வந்துச்சு. கேமராவை அணைத்துவிட்டேன்.

2025 பிப்ரவரி 9, ஞாயிறு

தலைவராகி மூன்று வாரம். நான் படித்த கல்லூரியில் நேற்றுப் பாராட்டு விழா. சால்வை, மேளம், என் பெயரைத் தப்பாக அடித்த பேனர். “உலகமே இவங்க பேச்சைக் கேக்குதுங்க” என்றார் கல்லூரி முதல்வர்.

இன்று அம்மாவிடம் போட்டோ காட்டினேன். கண் நிறையப் பார்த்தாள். அப்புறம் கேட்டாள்:

“அந்தப் போன் சமாச்சாரம் என்னாச்சு கண்ணு?”

“முடிஞ்சுதுங்கம்மா.”

“நல்லதாப் போச்சு சாமி” என்று கன்னத்தைத் தடவினாள்.

ஜூன் 24, செவ்வாய், ஜெனீவா

கானா நாட்டுப் பிரதிநிதி ஒரு சின்னப் பெண், பெயர் அபெனா. மர அறுவை மில் தொழிலாளர்களுக்கு எச்சரிக்கை ஒலி கேட்பதில்லை, அதிர்வைக் கட்டாயமாக்க வேண்டும் என்று கேட்டாள். அச்சு அசலாக என் வரி! நான் எழுதியதை அவள் பார்த்ததே இல்லை.

உடனே எதிர்ப்பு. போன வருடம் முடிந்த விஷயமாம். எல்லோரும் மேடையில் இருந்த என்னைப் பார்த்தார்கள். தலைவர் எந்தப் பக்கமும் சாயக்கூடாது. அந்த அறையில் அந்தச் சொல்லுக்காகப் பேச முடியாத ஒரே ஆள் நான்தான். “இது இன்றைய நிகழ்ச்சி நிரலில் இல்லை” என்றேன். அபெனா உட்கார்ந்துவிட்டாள்.

மாத்திக்கலாமாம்! என்னத்த மாத்தறது? என் வாயாலயே அவ வாய அடைச்சுப்போட்டேன்.

ஜூன் 25, புதன்

காலையில் அபெனா விடவில்லை, மறுபடி எழுந்து கேட்டாள். துணைத் தலைவர் சஹீர் மலேசியாக்காரர், என் பக்கத்து நாற்காலி. “இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் நீங்கள் நடத்துங்கள்” என்று அவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கீழே இறங்கினேன். விதியில் இடம் உண்டு. யாரும் செய்வதில்லை.

இந்தியா பலகைக்குப் பின்னால் என் ஜூனியர் கிருபாசங்கர் உட்கார்ந்திருந்தான். திருப்பூர்ப் பையன், நான் தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்தவன். மைக்கைக் கையால் மூடிக்கொண்டான்.

“மேடம், இந்தியா பேர்ல நீங்க பேச முடியாதுங்க. டெல்லிக்கு நான் பதில் சொல்லோணும்.”

“உங்க மைக் வேண்டாங்க கிருபா.”

பின்வரிசைக்குப் போனேன். இந்த விதிமுறையை எழுதியவள் என்ற முறையில் பேச சஹீரிடம் அனுமதி கேட்டேன். கொடுத்தார். நான்கு நிமிடம். ஒன்பது பேரையும் கதிர்வேலின் சட்டைப் பையையும் சொன்னேன். போன வருடம் விட்டுக்கொடுத்தது என் தவறு என்றும் சொன்னேன். குரல் நடுங்கியது, நடுங்கட்டும். கானாவோடு இன்னும் இரண்டு நாடுகள் சேர்ந்தன. ‘வேண்டும்’ மறுபடி சதுர அடைப்புக்குறிக்குள் வந்துவிட்டது. நவம்பரில் முடிவு.

சாப்பாட்டு நேரத்தில் கிருபாசங்கர் வேறு மேசையில் உட்கார்ந்தான்.

ஜூலை 8, செவ்வாய்

டெல்லியிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம். கிருபாசங்கரின் அறிக்கையையும் இணைத்திருந்தார்கள். ஒரு வரிகூடப் பொய்யில்லை. அதுதான் வலிக்கிறது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

சொந்தக் காரணங்களுக்காகத் தலைவர் பதவியிலிருந்து விலகுகிறேன் என்று டெல்லியிலிருந்து அவர்களே தட்டச்சு செய்து அனுப்பியிருந்தார்கள். கையெழுத்துப் போட்டேன். இனி சஹீர் தலைவர். இந்தியக் குழுவுக்குக் கிருபாசங்கர்.

சுரேந்தர் கடிதத்தையும் கிருபாசங்கரின் அறிக்கையையும் இரண்டு முறை படித்தார். “இதுக்காகவா அம்மணி?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அறிக்கையை மடித்து வைத்துவிட்டு, “அந்தத் தறிக்காரங்க கதையை எங்கிட்ட நீ சொல்லவே இல்லையே” என்றார்.

சொல்லவில்லைதான்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். பிப்ரவரியில் பொய் சொன்னதையும். உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“மெதுவாச் சொல்லு, பாதிதான் வெளங்குது” என்றாள். மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

நவம்பர் 12, புதன்

பார்வையாளர் இணைப்பில் கூட்டத்தைப் பார்த்தேன். பேச அனுமதி கிடையாது, பார்க்கலாம். போன வருடம் கொடுத்த வாக்குப்படி இந்தியா எதிர்க்க வேண்டும் என்று கிருபாசங்கருக்கு உத்தரவு. இது டெல்லியில் இருக்கும் பழைய தோழி மூலம் முன்பே தெரியும்.

போன் கம்பெனிகள் பத்து நொடியை ஆறாகக் குறைத்துக்கொண்டு வாயை மூடிவிட்டன. அபெனா திருத்திய வரியைப் படித்தாள். ‘அதிர வேண்டும்.’ எங்கள் குழுவில் ஓட்டெடுப்பு கிடையாது. தலைவர் ஆட்சேபம் உண்டா என்று கேட்பார், ஒரு நாடு மைக்கை அழுத்தினாலும் போதும், வரி நிறைவேறாமல் நின்றுவிடும்.

சஹீர் கேட்டார். இந்தியா பக்கம் பார்த்து, கொஞ்சம் பொறுத்து, மறுபடி கேட்டார். திரையின் ஓரத்தில் சின்னக் கட்டத்துக்குள் கிருபாசங்கர் தெரிந்தான். இரண்டு கையையும் மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

சஹீர் சுத்தியலைத் தட்டினார். வரி நிறைவேறியது.

அரை மணி கழித்து என் போனுக்கு ஒரு செய்தி. ஜூனுக்குப் பிறகு அவனிடமிருந்து வந்த முதல் செய்தி:

“மேடம், நான் ஒண்ணுமே சொல்லலீங்க.”