அடுப்படியில் வைத்த தண்ணீர்

தெமியாங்,
3 மார்ச் 2024

அன்புள்ள ராக்கம்மா அண்ணிக்கு,

போனில் பேசினால் உங்கள் வீட்டுப் பலகைச் சுவரைத் தாண்டி உங்கள் தம்பி காதில் விழும். அதனால்தான் இதை எங்கள் ஃபேக்டரி பஸ் ஓட்டும் வசந்தனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

டிஸ்க் விலகி அவருக்கு முதுகில் ஆபரேஷன் செய்து, உங்கள் பராமரிப்பில் விட்டு இரண்டு மாதமாகிறது. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் பிசியோ பயிற்சி தரும் மிஸ்ஸி அவர் இடது காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னைத் திட்டினாள். தசை வற்றிவிட்டதாம். இன்னும் படுத்தே கிடந்தால் அந்தக் கால் உதவாதாம். எங்கள் ஃபிளாட் நான்காவது மாடி, லிஃப்ட் இல்லை. படி ஏறினால்தான் அவர் வீட்டுக்கு வரமுடியும். தயவுசெய்து நடக்கவிடுங்கள்.

லோகேஸ்வரி

கோலா பிலா தோட்டம்,
7 மார்ச்

அன்பான லோகாவுக்கு,

அறுத்த உடம்பு, காற்று படக்கூடாது. பிள்ளை பெற்றவளைப் பார்ப்பதுபோல் பார்க்கிறேன். பூண்டுக் குழம்பு, வெந்நீர் ஒத்தடம், எல்லாம் படுத்த இடத்துக்கே. ஒருநாள் நிற்கவைத்தேன். “வலிக்குதுலா அக்கா, விட்டுடு”ன்னு அழுதான். அம்மா போனபின் என் இடுப்பில் வளர்ந்த பிள்ளை. ஃபேக்டரியில் இருந்துகொண்டு நீ சுலபமாகச் சொல்லிவிடுகிறாய்.

ராக்கம்மா

தெமியாங்,
12 மார்ச்

அண்ணி,

ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே வந்தபோது அவர் இடது காலிலிருந்து சிலிப்பர் கழன்று விழுந்தது. அவருக்குத் தெரியவேயில்லை. செம்பனைக் குலைகளை லோரியில் ஏற்றிய மனிதர், அண்ணி. எனக்குப் பயமாக இருக்கிறது. வேலையில் கை ஓடவில்லை.

உங்கள் பாசம்தான் அவர் காலைத் தின்கிறது. கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. ஆஸ்பத்திரியில் தந்த வாக்கரைக் கட்டிலருகே வைத்துவிட்டு, தண்ணீரை அடுப்படியில் வையுங்கள். கூப்பிட்டாலும் போகாதீர்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

லோகா

கோலா பிலா தோட்டம்,
24 மார்ச்

லோகா,

நீ சொன்னபடி செய்தேன். தண்ணீரை அடுப்படியில் வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். “அக்கா, தண்ணி குடுக்கா”ன்னு தொண்டை கட்டும்வரை கூப்பிட்டான். பக்கத்து வீட்டுச் செல்லம்மா, “நீயெல்லாம் மனுஷியா?” என்று கேட்டுவிட்டுப் போனாள். முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

பிறகு வாக்கர் இழுபடும் சத்தம். பாதியில் விழுந்தான். ஓடினேன். “தொடாதே” என்றான். சுவரைப் பிடித்துத் தானே எழுந்து, போய்க் குடித்தான். மிச்சத்தை என் காலடியில் கொட்டினான்.

அன்றிலிருந்து தினமும் நடக்கிறான். சோற்றைத் தானே போட்டுக்கொள்கிறான். நேற்று வாசற்படி இறங்கி ஏறினான். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

வந்து கூட்டிக்கொண்டு போ. நீ சொல்லித்தான் செய்தேன் என்று அவனிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லிவிடாதே. நீ அவனோடு வாழவேண்டியவள்.

ராக்கம்மா